ஓடாத வண்டியின் பேட்டரி

ஆயுத பூஜை அன்று மைசூருவில் அழுக்கான வண்டியைத் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது. அரண்மனைக்குள் யானை, குதிரை, பட்டாக்கத்தி ஆகியவற்றோடு அரச குடும்பத்தாரின் கார்களுக்கும் பூஜை நடக்கும். சரஸ்வதிபுரத்திலும் குவெம்பு நகரிலும் வீட்டு வாசல்தோறும் கழுவித் துடைத்த கார்கள் நிற்கும். பானெட்டில் சந்தனப் பொட்டு, முகப்பில் சாமந்தி மாலை, இரு பக்கமும் வாழைக்கன்று, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சை. காலையிலிருந்தே நான்கு கதவுகளும் விரியத் திறந்திருக்கும், ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். தீபாராதனை முடிந்து, எலுமிச்சையை நசுக்குவதற்காக வீட்டுக்காரர் சாவியைத் திருப்பும்போது சில வண்டிகளில் இன்ஜின் உறுமாது, பானெட்டுக்குள்ளிருந்து 'டக் டக் டக்' என்று மட்டும் கேட்கும். மெக்கானிக்கைக் கூப்பிடவும் வழியில்லை. அவருடைய ஸ்பானர்களும் அன்று பூஜையில்தான் இருக்கின்றன. மறுபூஜை முடியும்வரை எடுக்க மாட்டார்.

பழியைப் பாட்டின்மேல் போடுவது வழக்கம். கணக்குப் பார்த்தால் அது பாதிதான் நியாயம். ஸ்டீரியோவும் கதவு விளக்குகளும் சேர்ந்து 4 ஆம்பியர் இழுத்தன என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரத்துக்கு 12 ஆம்பியர்-மணி. சிறிய பெட்ரோல் கார்களில் இருப்பது பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி. அது முழு சார்ஜில் இருந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு போன பிறகும் இன்ஜினைச் சுற்றிவிட்டிருக்கும். அதாவது காலையில் முதல் பாட்டு ஓடத் தொடங்கும்போதே அந்தப் பேட்டரி பாதி காலி. வாரக்கணக்கில் அப்படியே இருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை.

மைசூருவில் இது நடப்பது கொஞ்சம் விசித்திரம். பேட்டரியின் முதல் எதிரி வெப்பம் என்பதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் வேதி வினைகளின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வாந்தே அர்ஹீனியஸ் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்துத் தந்த சமன்பாட்டிலிருந்து பிறந்த கைக்கணக்கு இது. பேட்டரியை அரிக்கும் வினைகளுக்கும் இதே கணக்குதான் என்பதால் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பார்கள். சென்னையின் மே மாதத்தையும் வேலூரின் வெயிலையும் நினைத்தால் அங்கே பேட்டரிகள் சீக்கிரம் சாவதில் ஆச்சரியமில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கும் மைசூருவில் ஏப்ரலில்கூட உச்ச வெப்பம் பெரும்பாலும் 35 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஜனவரி இரவுகளில் 16, 17 டிகிரி. பனியும் இல்லை, கொதிப்பும் இல்லை. பேட்டரிக்கு இதைவிடத் தோதான ஊர் இந்தியாவில் அதிகம் கிடையாது. அங்கேயும் இரண்டு மூன்று ஆண்டில் கைவிடும் பேட்டரிகள் இருக்கின்றன என்றால் காரணத்தை வானிலையில் தேடிப் பயனில்லை.

பானெட்டைத் திறந்து உள்ளே போக வேண்டும்.

1859-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளான்டே இரண்டு காரீயத் தகடுகளை, ஒன்றோடொன்று தொடாதபடி இடையில் பட்டை வைத்துச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் இறக்கினார். அப்போது அவருக்கு வயது 25. மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றிப் பயன்படுத்தக்கூடிய உலகின் முதல் பேட்டரி அதுதான். 1881-இல் கமீல் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தகட்டின்மேல் காரீய ஆக்சைடுப் பசையைப் பூசி அதன் கொள்ளளவை மிகவும் பெருக்கினார். இன்று காரில் இருப்பது அந்த வம்சத்தின் நேரடி வாரிசு. எதிர்முனையில் பஞ்சுபோன்ற காரீயம், நேர்முனையில் காரீய டை ஆக்சைடு, நடுவில் அமிலம். மின்சாரம் வெளியே போகும்போது இரண்டு முனைகளும் காரீய சல்பேட்டாக மாறுகின்றன, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றும்போது எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. ஓர் அறை தருவது சுமார் 2.1 வோல்ட். ஆறு அறைகள் சேர்ந்தால் 12.6.

இந்த 2.1 வோல்ட்டுக்குப் பின்னால் ஐன்ஸ்டைன் இருக்கிறார் என்பது 2011-இல்தான் கணக்கிட்டு நிறுவப்பட்டது. காரீய அணுவின் கருவில் 82 புரோட்டான்கள். அதற்கு மிக நெருக்கமாகச் சுற்றும் எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு. அந்த வேகத்தில் சார்பியல் விளைவுகளைத் தள்ளிவிட முடியாது. வெளிச்சுற்று எலக்ட்ரான்களின் ஆற்றலும் அதனால் மாறுகிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருந்த ராஜீவ் அகுஜா, ஹெல்சிங்கியின் பெக்கா பூக்கோ உள்ளிட்ட ஐவர் 'ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் வெளியிட்ட கணக்கின்படி, அந்த 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை சார்பியலின் கொடை. தனிம அட்டவணையில் காரீயத்துக்கு நேர் மேலே இருக்கும் வெள்ளீயத்தை வைத்து இப்படியொரு பேட்டரி செய்ய முடியாததற்கும் இதுவே காரணம். சாவியைத் திருப்பும் யாரும் இதை நினைப்பதில்லை. நினைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நினைக்க வேண்டியது காரீய சல்பேட்டைப் பற்றித்தான். பேட்டரியைப் பயன்படுத்தும்போது உருவாகும் சல்பேட், பொடிப் பொடியான படிகங்களாகத் தகட்டின்மேல் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது முழுவதும் கரைந்து மறுபடி காரீயமும் அமிலமுமாகிவிடும். ஏற்றாமல் நாட்கணக்கில் விட்டால், சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர்ந்து கெட்டிப்படும். பொடிச் சர்க்கரை தண்ணீரில் சட்டென்று கரைவதற்கும் கற்கண்டு நெடுநேரம் கரையாமல் கிடப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. அப்படிக் கெட்டித்த சல்பேட் மின்சாரத்தைக் கடத்தாது. தகட்டின் அந்தப் பகுதி இனி வேலைக்கு ஆகாது. 35 ஆம்பியர்-மணி என்று மேலே அச்சடித்திருக்கும் பெட்டி உள்ளுக்குள் 25, 20 என்று சுருங்கிக்கொண்டே போகும். பேட்டரி பயன்படுத்தப்படுவதால் கெடுவதைவிட, பாதி சார்ஜில் சும்மா கிடந்து கெடுவது அதிகம்.

இப்போது மைசூருவின் வீதிகளுக்குத் திரும்பலாம். ஓய்வுபெற்றவர்கள் விரும்பிக் குடியேறும் ஊர் என்ற பெயர் அதற்கு நெடுங்காலமாக உண்டு. யாதவகிரியிலோ ஜெயலட்சுமிபுரத்திலோ ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால், போர்ட்டிகோவில் கார் இருக்கும். ஆனால் தேவராஜா மார்க்கெட்டுக்குப் போக ஸ்கூட்டர்தான் வசதி. கோவிலுக்கு நடந்தே போய்விடலாம். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ. கார் வெளியே எடுக்கப்படுவது கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். ஐந்து வருடத்தில் பதினைந்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத கார்களை அங்கே விற்பனைக்குப் பார்க்கலாம். 'டாக்டர் ஓட்டிய வண்டி, அலுங்காமல் இருக்கிறது' என்பார்கள். அலுங்காமல் இருந்ததுதான் பேட்டரியின் பிரச்சினை.

நிற்கும் காரில் மின்சாரம் செலவாகாது என்று நினைப்பது இயல்பு. கடிகாரம், அலாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் ரிசீவர், இன்ஜின் கணினியின் நினைவகம் என்று பூட்டிய காருக்குள்ளும் விழித்திருப்பவை பல. எல்லாம் சேர்த்து 30 மில்லியாம்பியர் என்பது சாதாரண அளவு. ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. இதை ஒரு ஸ்டார்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்றதும் பயமாக இருக்கிறது. ஆனால் இழுப்பது ஒன்றிரண்டு நொடிதான். இரண்டு நொடிக்கு 200 ஆம்பியர் என்றால் 0.11 ஆம்பியர்-மணி. ஆக, காரை ஆறு தடவை ஸ்டார்ட் செய்வதைவிட ஒரு நாள் பூட்டி வைப்பது பேட்டரிக்கு அதிகச் செலவு.

2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கு முதலில் 21 நாள் என்று அறிவிக்கப்பட்டது. இந்தக் கணக்கில் 21 நாளுக்கு 15 ஆம்பியர்-மணி. அதோடு பேட்டரி தானாகவே இழக்கும் சிறு அளவும் சேரும். முழு சார்ஜில் நின்ற சிறிய காரே பாதியை நெருங்கியிருக்கும். ஊரடங்கு மே மாதக் கடைசிவரை நீண்டது. நாடெங்கும் பேட்டரிக் கடைக்காரர்களுக்கு அதன் பிறகு வந்த வேலையை விளக்க வேறு காரணம் தேவையில்லை.

அந்த நாட்களில் பரவலாகச் சொல்லப்பட்ட யோசனை, வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதும் என்பது. கணக்கு இதை ஆதரிக்கவில்லை. வண்டி நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் இன்ஜினில் ஆல்டர்னேட்டர் முழுத் திறனைத் தராது. பேட்டரிக்குள் 10 ஆம்பியர் ஏறியது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் 1.7 ஆம்பியர்-மணி. வாரத்தில் போனது 5. பெட்ரோல் எரிந்ததும், இன்ஜின் ஆயில் சரியாகச் சூடேறாமல் அதில் ஈரம் சேர்ந்ததும்தான் மிச்சம். அந்தப் பத்து நிமிடத்தில் ஏசியையும் ஹெட்லைட்டையும் போட்டுப் பார்த்தவர்கள் நிலைமை இன்னும் மோசம்.

தினமும் ஓட்டினாலும் சிக்கல் முழுதாகத் தீர்ந்துவிடாது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர், அங்கிருந்து காய்கறிக் கடை ஒரு கிலோமீட்டர் என்று ஓடும் காரில் செலவானது திரும்பிவிடும். ஆனால் பேட்டரி நிறையாது. காரணம், பேட்டரி சார்ஜை ஏற்கும் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை. முதல் பாதி வேகமாக ஏறும். 80 விழுக்காட்டுக்கு மேல் போகப்போக ஏற்கும் ஆம்பியர் குறைந்துகொண்டே வரும்; கடைசிப் பகுதிக்கு மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும். சின்னச் சின்னப் பயணங்களில் அந்தக் கடைசிப் பகுதி ஒருநாளும் நிரம்புவதில்லை. கற்கண்டு கட்டுவது அந்த மிச்சத்தில்தான். அமிலமும் கீழே அடர்த்தியாகவும் மேலே நீர்த்தும் பிரிந்து நிற்கத் தொடங்கும். அதைக் கலக்கிவிட, பேட்டரி நிறைந்தபின் எழும் குமிழிகள் வேண்டும்.

2023 மார்ச் 12 அன்று திறக்கப்பட்ட பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை சுமார் 118 கிலோமீட்டர். மாதம் ஒருமுறை அதில் போய்வரும் கார், ஊருக்குள்ளேயே சுற்றும் காரைவிட இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தது. பேட்டரிக்காக யாரும் பெங்களூருக்குப் போக மாட்டார்கள். ஒரு ஸ்மார்ட் சார்ஜர் வாங்கி மாதம் ஓர் இரவு இணைத்து வைப்பது மலிவான வழி; நிறைந்ததும் தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 3 முதல் 4 ஆம்பியரில் ஏற்றுவது நிதானமான வேகம். மாதக்கணக்கில் வெளிநாடு போகிறவர்கள் எதிர்முனை வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வந்தால் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில். காரின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருப்பதால், நேர்முனையில் இருக்கும் ஸ்பானர் தவறிப்போய் உடலைத் தொட்டால் பெரிய தீப்பொறி பறக்கும்.

இதே மைசூருவில், 1960களின் தொடக்கத்திலிருந்து 1996 வரை ஐடியல் ஜாவா தொழிற்சாலை மோட்டார் சைக்கிள்கள் செய்தது. அங்கே செய்யப்பட்ட ஜாவாவும் யெஸ்டியும் காலால் உதைத்துக் கிளப்பப்பட்ட வண்டிகள். அவற்றின் சின்னப் பேட்டரிக்கு இன்ஜினைச் சுற்றும் பொறுப்பு கிடையாது. 1912-இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் பேட்டரி காரின் உயிர்நாடியானது. கார்ப் பேட்டரியின் தகடுகள் மெல்லியதாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருப்பது அந்த ஒரு நொடி வேகத்துக்காக. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியின் தடித்த தகடுகளைப் போல ஆழமாகக் காலியாவதை அவை தாங்காது. அடியோடு இறங்கிய கார்ப் பேட்டரியை மறுபடி ஏற்றி ஓட்டலாம். நான்கைந்து முறை அப்படி நடந்தால் அதன் பலம் கண்கூடாகக் குறைந்திருக்கும்.

பேட்டரியின் உடல்நிலையை அறிய இரண்டு கருவிகள் உண்டு. மல்டிமீட்டர் எல்லோருக்கும் தெரிந்தது. வண்டி ஓர் இரவு நின்ற பிறகு, காலையில் கதவைத் திறக்காமல் அளந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு; ஓடி வந்த உடனே அளந்தால் தகட்டின் மேற்பரப்பில் தேங்கிய சார்ஜ் ஏமாற்றிவிடும். 12.6 என்றால் நிறைவு. 12.2 என்றால் சுமார் பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டரும் நலம். ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது.

இன்னொன்று ஹைட்ரோமீட்டர், பழைய பேட்டரிக் கடைகளின் ஆயுதம். கடைக்காரர் ஆறு மூடிகளையும் திருகிக் கழற்றி வைக்கிறார். ரப்பர் குமிழை அமுக்கி, கண்ணாடிக் குழாயின் நுனியை முதல் அறைக்குள் விட்டுக் குமிழைத் தளர்த்துகிறார். அமிலம் மேலேறுகிறது, உள்ளே மிதவை ஆடி நிற்கிறது. கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து '1250' என்கிறார். தண்ணீரின் அடர்த்தியைப் போல 1.250 மடங்கு என்று பொருள். அடுத்த அறை 1250. அடுத்தது 1245. நான்காவது 1180. அத்தோடு கருவியைக் கீழே வைத்துவிடுகிறார். மற்ற ஐந்தும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஓர் அறை போய்விட்டால் அந்தப் பேட்டரியைக் காப்பாற்ற முடியாது. இரண்டு கருவிகளும் அளப்பது ஒன்றையேதான்: அடர்த்தியோடு 0.84-ஐக் கூட்டினால் ஓர் அறையின் வோல்ட் கிடைக்கும். 1.250 என்றால் 2.09; ஆறால் பெருக்கினால் 12.54. ஆனால் மல்டிமீட்டர் ஆறையும் கூட்டித்தான் சொல்லும், ஹைட்ரோமீட்டர் குற்றவாளியைத் தனியாகக் காட்டிக்கொடுக்கும். இப்போதைய மூடிய பேட்டரிகளில் இருக்கும் பச்சைக் கண்ணும் ஒரு குட்டி ஹைட்ரோமீட்டர்தான். அது பார்ப்பது ஓர் அறையை மட்டும். பச்சை தெரிகிறதே என்று வாதாடும் வாடிக்கையாளரிடம் கடைக்காரர்கள் சலித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது.

மூடி கழற்றக்கூடிய பேட்டரியில் தண்ணீர் ஊற்றுவது பற்றிக் குழப்பங்கள் அதிகம். சார்ஜ் ஏறும்போது பிரிந்து ஆவியாவது தண்ணீர். அமிலம் உள்ளேயே இருக்கிறது. ஆகவே நிரப்ப வேண்டியதும் தண்ணீர்தான். 'ஸ்ட்ராங்காக இருக்கட்டும்' என்று அமிலம் சேர்ப்பவர் தகட்டை அரிக்கிறார். குழாய்த் தண்ணீரிலும் போர்வெல் தண்ணீரிலும் இருக்கும் குளோரைடும் இரும்பும் பேட்டரிக்கு விஷம். ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு முழுதாக நீங்குவதில்லை. ஏசியிலிருந்து சொட்டுவதைப் பிடித்து ஊற்றுகிறவர்கள் உண்டு. அது செம்புக் குழாயையும் அலுமினியத் துடுப்புகளையும் தூசியையும் தடவிக்கொண்டு வரும் தண்ணீர். ஒரு பாட்டில் டிஸ்டில்டு வாட்டரின் விலைக்கு இத்தனை சாமர்த்தியம் வேண்டாம். ஊற்றும் நேரமும் முக்கியம்: சார்ஜ் ஏறிய பிறகு, மேல்கோடு வரை. காலியான பேட்டரியில் கோடுவரை ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது விரிந்து மேலே வழியும்.

அப்படி வழிந்த அமிலத்தின் ஆவிதான் டெர்மினலில் வெள்ளையாகவும் நீலப் பச்சையாகவும் பூக்கிறது. வெந்நீரில் கரைத்த சமையல் சோடா அதை நுரைத்து நீக்கிவிடும். கோலா ஊற்றினாலும் அந்தப் படிவு கரையும். கோலாவே ஓர் அமிலம் என்பதால் மிச்சத்தை நடுநிலையாக்காது, பிசுபிசுப்பு வேறு. துடைத்து இறுக்கிய பிறகு மெல்லிதாக வாசலின் பூசினால் போதும். டெர்மினல் தளர்ந்திருப்பதையே பேட்டரி போய்விட்டதாக எண்ணிப் புதியது வாங்கியவர்கள் குறைவில்லை. பேட்டரியைப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்தாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் தகட்டின் பூச்சு உதிர்ந்து அடியில் தேங்கும்.

ஜம்ப் ஸ்டார்ட் செய்கையில் கடைசி வயரை இறங்கிய பேட்டரியின் எதிர்முனையில் மாட்டாமல், சற்றுத் தள்ளி இன்ஜினின் வெறும் உலோகத்தில் மாட்டச் சொல்வார்கள். சார்ஜ் ஏறும் பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் இருக்கும். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு பொறியில் அது தீப்பற்றும். அப்படிக் கிளம்பிய காரை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துவதும் போதாது. அன்றிரவே சார்ஜரில் போடுவதுதான் முறை.

எல்லாம் செய்தும் ஒருநாள் பேட்டரி போகத்தான் போகும். கடையில் பழையதற்கு ஒரு தொகை கழித்துத் தருவார்கள். அது தயவல்ல, உள்ளே இருக்கும் காரீயத்தின் விலை; பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் அதுதான். 2001-லிருந்தே பழைய பேட்டரிகளுக்கு இந்தியாவில் விதிகள் உண்டு. 2022 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்தன. பழைய இரும்புக் கடை வழியாகக் கொல்லைப்புற உலைக்குப் போகும் பேட்டரியை எந்த விதியும் எட்டுவதில்லை. கோடரியால் பிளந்து, அமிலத்தைச் சாக்கடையில் கவிழ்த்து, தகட்டைத் திறந்த உலையில் உருக்குகிறார்கள். யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவில் காரீயம் இருப்பதாகச் சொன்னது. இப்படிப்பட்ட முறைசாரா உலைகளை முக்கியக் காரணங்களில் ஒன்றாக அது குறிப்பிட்டது. தனிநபர் காரின் முதல் பதிவு 15 ஆண்டுக்கு. மூன்று ஆண்டுக்கு ஒன்று என்று மாற்றினால் அந்தக் காலத்தில் ஒரு கார் ஐந்து பேட்டரிகளை ஏதோ ஓர் உலைக்கு அனுப்பியிருக்கும். ஐந்து ஆண்டுக்கு ஒன்று என்றால் மூன்று.